ஆறு பேரைத் தவிர

ஐம்பதுகளில் ஒரு நாள், இலங்கையில் நானாட்டானிலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் காலை பஸ். என் முன் ஆசனத்தில் குடையும் கையுமாக இருந்த வயல்காரர், பக்கத்தில் தொப்பி போட்டிருந்த கருவாட்டு வியாபாரியிடம் சத்தமாகச் சொன்னார்:

“கள்ளத்தோணியள் எல்லாரையும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத்தான் வேணும், நானா. என்ர வயல் வெட்டுற ஆறு பேரைத் தவிர.”

“அவையளும் கடதாசி இல்லாமல் அக்கரையால வந்த ஆக்கள்தானே, அண்ணை?”

“ஓம். ஆனா அவையள் போனா நெல்லெல்லாம் வயலிலயே கொட்டுண்டு போயிடும். இஞ்ச ஒருத்தனும் வெட்ட வாறானில்லை.”

“எல்லா வயல்காரரும் இப்பிடிச் சொன்னா, பிறகு ஆரை அனுப்புறது?”

“இஞ்ச பிறக்காத ஆக்களை அனுப்பட்டும்.”

“நீங்கள் இஞ்சதானே பிறந்தனீங்கள்?”

“நான் மூத்த பிள்ளை. முதல் பிள்ளைப்பேறெண்டு அம்மா தாய்வீட்டுக்குப் போனவ.”

“தாய்வீடு எங்க?”

“ராமேஸ்வரம். ஞானஸ்நானமும் அங்கதான்.”

பஸ் பாலத்தில் ஏறியது. வயல்காரர் இரண்டு பக்கக் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நானா, எதுக்கும் வெட்டு முடியுமட்டும் ஒருத்தரையும் அனுப்ப மாட்டினம்தானே?”