நாலாவது கண்

சிங்கப்பெருமாள் கோயிலில் சாயங்கால ரயில் ஏறி, என் எதிரே உட்கார்ந்த இருவரும் ஒரே கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். கண்ணாடி போட்டவர் மூச்சு வாங்கக்கூட நேரம் விடவில்லை.

"நாலாவது கண்ணு லேட்டாத்தான் முழிக்குது, மச்சான்."

"இன்னாடா சொல்ற? விரிசல் பாக்க பெல்ட்டு மேல நீ மாட்டுன கேமராவா?"

"அதான். நாலும் ஒரே நொடியில படம் எடுக்கணும். கம்ப்யூட்டரு ஒவ்வொண்ணா கூப்புட்டுகினு கீது. நாலாவத கூப்புடறதுக்குள்ள அடுத்த பிரேக் பார்ட்டு வந்து நிக்குது. அதுல விரிசல் இருந்தா, மிஷினு முன்னாடி போன நல்ல பார்ட்ட வெளிய தள்ளிடுது. விரிசல் பொட்டிக்குள்ள போவுது."

"நாலுக்கும் ஒரே ஒயர்ல சிக்னல் குடேன்."

"அதுக்கு கேமராவுல தனி சாக்கெட் வேணும். வெறும் யூஎஸ்பி போதும்னு நான்தான் அது இல்லாத மாடலா பாத்து வாங்குனேன்."

ரயில் கூடுவாஞ்சேரி தாண்டியது.

"அப்போ காலைல டெமோ எப்படி பாஸாச்சு?"

"ஒவ்வொரு பார்ட்டுக்கும் பெல்ட்ட நிறுத்தி நிறுத்திக் காட்டுனேன். அசையாம இருந்தா நாலும் ஒழுங்காத்தான் பாக்குது."

"அடப்பாவி. நாளைக்கே போயி உண்மையச் சொல்லிடு. பழையபடி பொம்பளைங்களே கண்ணால பாத்து எடுக்கட்டும்."

கண்ணாடிக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டெமோ முடிஞ்சதுமே இனிமே வேலைக்கு வர வேணாம்னு அந்தப் பொம்பளைங்க ஆறு பேரையும் அனுப்பிட்டாங்க, மச்சான். உன் வூட்டுக்காரி இன்னும் போன் பண்ணலையா?"