புழுத்தொட்டிக்குச் சோறு

சாப்பாட்டை வீணாக்குவது எனக்கு அறவே பிடிக்காது, மேடம். பதினோரு வருடமாக இந்தப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். என் டிபன் டப்பாவில் ஒரு பருக்கை மிஞ்சி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தலைமையாசிரியை நீங்கள் விளக்கம் கேட்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.

ஏழாம் வகுப்புக்குப் புழுத்தொட்டி வைக்க அனுமதித்ததே நீங்கள்தான். ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுக்கள். சமையல் கழிவைத் தின்று உரமாக்கிவிடும். முதல் நாள் பிள்ளைகள் "ஐயே!" என்றார்கள். மூன்றாம் நாள் தீனி போட வரிசையில் நின்றார்கள். மதியச் சாப்பாட்டில் தினமும் எட்டு கிலோ மிஞ்சும். நான் வாளியைக் கவிழ்த்தால் போதும், மொத்தப் புழுவும் நெளிந்து மேலே வரும். என் வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் ஒருவரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

வினை என் கையாலேயே வந்தது. எந்த வகுப்பு எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்று தினமும் எடை போட்டுச் சுவரில் எழுத வைத்தேன். பிள்ளைகளுக்கு வெட்கம் வந்து தட்டை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். எட்டு கிலோ அரை கிலோவானது. காலைக் கூட்டத்தில் நீங்கள் எனக்குக் கைதட்டச் சொன்னீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. வளருகிற வயதில் புழுக்களுக்கு வெறும் காய்த்தோல் எப்படிப் போதும்?

சமையல் அக்கா பத்தரைக்குத் தட்டு எண்ண உள்ளே போவார். அண்டா ஐந்து நிமிடம் தனியாக இருக்கும். முதலில் உப்பைத்தான் நினைத்தேன். உப்பு கூடினால் புழுக்களுக்கு ஆகாது. நான் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள். அதனால் பாகற்காய்ச் சாறு. வீட்டிலேயே அரைத்து வடிகட்டித் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தேன். முதல் நாளே ஒன்பது கிலோ மிஞ்சியது. மனசு நிறைந்துவிட்டது.

ஒரு பெண் வந்தாள். "டீச்சர், பசிக்குது. கண்ணெல்லாம் இருட்டுது."

"எப்படிப் பசிக்குதுன்னு கவனிச்சு நோட்டுல எழுதும்மா. அதுவும் அறிவியல்தான்."

நன்றாகவே எழுதியிருந்தாள். பத்துக்கு எட்டு போட்டேன்.

அடுத்த வாரம் சமையல் அக்கா அழுதுகொண்டு வந்தார். "என் கைக்கு என்ன கேடு வந்துச்சோ தெரியல டீச்சர். பாத்துப் பாத்துதான் பண்றேன், வாயில வைக்க முடியல."

"வயசானா கைப்பக்குவம் மாறத்தான்க்கா செய்யும். மனச விட்டுடாதீங்க," என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். இன்னொரு கையில் பாட்டில் இருந்தது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

மூன்று வாரம் இப்படியே நடந்தது. பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். திங்கட்கிழமை அக்கா, இனிமேல் கரண்டியே தொட மாட்டேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். சமையலறையைப் பூட்டிவிட்டீர்கள்.

ஒரு அப்பாவியின் பிழைப்பில் மண் விழுவதை என் மனசாட்சி தாங்கவில்லை. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: கலந்தது நான்தான். அக்காவை இன்றைக்கே கூப்பிடுங்கள். முடிந்தால் கொஞ்சம் கூடவே சமைக்கச் சொல்லுங்கள்; தொட்டியில் ஒரு பருக்கை விழுந்து மூன்று நாளாகிறது.

பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் இளைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மறுக்கவில்லை, மேடம். அவர்களாவது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வார்கள். தொட்டியில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?