பத்து மணிக்கு வீட்டில் யாருமில்லை

– மண்ணு ஈரமா இருக்கு, மாமா.

– எந்த மண்ணு?

– இந்தா, பத்துமணிப் பூ டப்பா. விரலை வெச்சுப் பாருங்க. நான் ஞாயித்துக்கிழமை ஊத்தினதோட சரி.

– மழை பேஞ்சிருக்கும், பூங்கொடி.

– மழையா? பக்கத்துல செம்பருத்தி காஞ்சு கெடக்கு. மழை இந்த ஒரு டப்பாவைத் தேடி வந்து பேஞ்சுதா?

– வேலை விட்டு வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? மொதல்ல பேக்கைக் கழட்டு. காப்பி போட்டுத் தரட்டுமா?

– நீங்க... காப்பி... ம்ம். இதுவும் புதுசாத்தான் இருக்கு.

– போடலன்னாலும் பேச்சு, போட்டாலும்...

– இருங்க. இதைப் பாருங்க. நுனியெல்லாம் கிள்ளியிருக்கு. கிள்ளின தண்டை இந்தப் பெயின்ட் டப்பாவுல மணல் கலந்து நட்டிருக்கு. யாரு வேலை இது?

– கீழ் வீட்டு நஞ்சம்மாவா இருக்கும்.

– கேட்டேன். ‘கொத்தில்லா’, தெரியாதுன்னு கன்னடத்துல கையை விரிக்குது. முட்டி வலியில அந்தம்மா மாடி ஏறியே மாசக்கணக்காச்சு.

– அப்ப அவங்க வீட்டுக்காரரு.

– மோட்டார் போடச் சொன்னாலே எந்திரிக்க மாட்டாரு. அவரா வந்து தண்டு நடறாரு?

– யாரு நட்டா என்னடி? நுனியைக் கிள்ளினாத்தான் நல்லாப் படரும். தண்ணிதான் கம்மியா ஊத்தணும், இல்லன்னா அடித்தண்டு அழுகிடும்...

– அடேங்கப்பா! நான் கொண்டுவந்த அன்னைக்கு இதைப் பருப்புக்கீரைன்னு நெனைச்சுக் கடையச் சொன்னது யாரு?

– பார்க்க அப்படித்தானே இருந்துச்சு...

– இப்ப யாரு சொல்லிக் குடுத்தா?

– யாரும் இல்ல. போன்ல பார்த்தேன்.

– ம்ம்... மாமா, நீங்க விடியறதுக்குள்ள ஷிப்ட் பஸ் ஏறிடறீங்க. நான் எட்டு மணிக்குப் போயிடறேன். இந்தப் பூவு வெயில் ஏறினப்புறம் தெறந்து, நீங்க வரதுக்குள்ள மூடிக்குது. அந்த நேரத்துல யாரோ வராங்க. மாடிக்கு மட்டும் வராங்களா, உள்ளயும் வராங்களா...

– சாவி நம்மகிட்டதானே இருக்கு.

– ஆமா. ஆளுக்கு ஒண்ணு. அதான் கேக்கறேன்.

– என்னடி பார்வை அது? நான் எவளையாவது கூட்டிட்டு வரேன்னு நெனைக்கிறியா?

– நான் அப்படிச் சொன்னேனா? நீங்களே சொல்றீங்க.

– அடிப்பாவி! நாள் பூரா நின்னு போல்ட் முடுக்கறவனுக்கு அது ஒண்ணுதான் கொறைச்சல்.

– சிரிக்காதீங்க. நான் சிரிக்கல.

– சரி, சரி. பூ மேல ஆசைப்பட்டு யாரோ ஊத்தறாங்க, விடு. உன் பிரெண்டு பிரவீனாதான் உன்னை நல்லா ஏமாத்திட்டா. சுத்த வெள்ளைன்னு சொல்லித்தானே தண்டு குடுத்தா? நடுவுல குங்குமம் வெச்ச மாதிரி செவப்பா இருக்கு.

– எப்பப் பார்த்தீங்க?

– எதை?

– குங்குமத்தை. ஞாயித்துக்கிழமை மோடம் போட்டு வெயிலே இல்ல, ஒரு பூகூடத் தெறக்கல. இந்தச் செடி இந்த வாரம்தான் மொதமொதலா பூத்துது. மூடின பூவுல நடு எப்படித் தெரியும்?

– விரிச்சுப் பார்த்தேன்.

– விரிச்சா பிசுபிசுன்னு கையோட வந்துடும். உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல.

– ஒரு நாள்... பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். செவ்வாக்கிழமை. தலைவலி. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பூ. போதுமா?

– ரெண்டு பூ.

– ஒண்ணுதான்டி. நான் எதிர்லயே உக்காந்து பார்த்தேன்.

– ரெண்டு. இன்னொண்ணு சுவத்துக்கு அந்தப் பக்கம் தொங்கற தண்டுல.

– அந்தப் பக்கமா? இங்கேர்ந்து பார்த்தா அது தெரியாதே, பூங்கொடி. அந்தப் பூ தெரியணும்னா, எதிர்ல பாதி கட்டிப் போட்டிருக்கற வீட்டு மாடியில நிக்கணும்.

– ஆமா. நின்னேன்.

– எதுக்கு?

– வீட்டுக்கு வந்தேன். வாசல்ல உங்க ஷூ கெடந்துச்சு, கதவு உள்பக்கம் தாழ். எவ இருக்கான்னு பார்க்கத்தான் எதிர்ல ஏறினேன். நீங்க கம்பெனி சட்டையைக்கூட மாத்தாம இந்த டப்பா முன்னாடி உக்காந்திருந்தீங்க. வெயில்ல... அப்படியே... பூ மூடற வரைக்கும்.

– ...போன வாரமே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, புள்ள. கம்பெனி வண்டி விக்கலையாம். காண்ட்ராக்ட் ஆளுங்க அத்தனை பேரையும். தினமும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயி, நீ கெளம்பினதும் திரும்பி வந்துடுவேன். சொல்லணும்னுதான்...

– நீங்களா சொல்வீங்கன்னுதான் தண்ணி ஊத்தினதுலேர்ந்து பேச்சை ஆரம்பிச்சேன்.

– இரு. செவ்வாக்கிழமை அந்நேரத்துக்கு நீ எப்படி வீட்டுக்கு வந்த? உங்க சூப்பர்வைசர் காய்ச்சல்னாலே லீவு குடுக்க மாட்டாரே?

– உங்க கம்பெனி வண்டிக்கு வயர் கட்டறது எங்க லைன்தானே, மாமா. உங்களுக்கு அடுத்து எங்களையும் வேலை இல்லன்னு அன்னைக்குக் காலையிலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.