இத்தாலிக்கு நல்ல சப்பாத்து

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், கோலா சாவாவில் அரிசிக்கு வரிசையில் நின்றபோது கேட்டது. எனக்கு முன்னால் நின்றவர், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெண்ணிடம் திடீரென்று சொன்னார்:

“இத்தாலியில ஒரு சின்ன டவுனு இருக்காம் லா. வெள்ளனயே போயிடணும், மத்தியானம் கோயிலெல்லாம் சாத்திடுவானாம். தெருவெல்லாம் கல்லு. கால்ல நல்ல சப்பாத்து இல்லாம போவக்கூடாதுன்னு தொரைசானி சொல்லும்.”

“சப்பாத்தா?” அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது. “எம் புருசன சயாமுக்குன்னு லாரில ஏத்துனப்ப, என்ன வேலைன்னுகூட ஒருத்தனும் சொல்லல. அங்கயும் ரப்பர் மரந்தான் இருக்கும்னு நெனச்சி, பால் வெட்டுற கத்தியத் தீட்டி, துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போச்சு அந்த மனுசன். ரயில் ரோடு போடுற காட்டுல அத வச்சி என்னா செய்யும்?”

“தொரைசானி சொன்னதத்தான் தங்கச்சி சொன்னேன்.”

“அவங்க அந்த டவுனுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தாங்கல்ல?”

“வந்தாங்க.”

“அப்ப சப்பாத்து கெடக்கட்டும் அண்ணே. திரும்பி வர்றதுக்கு என்னா எடுத்துக்கிட்டுப் போவணும்? அதச் சொல்லு!”