கொடை நாளில் பதில் சொல்லாத ஸ்கேன் மெஷின்

மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள், புதன்கிழமை காலை. நாகர்கோவில் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவளின் மடியில் மடிக்கணினி.

"செத்துட்டுன்னு நெனச்சு, அதுக்க அட்ரஸ வேற ஒண்ணுக்குக் குடுத்துட்டேன் மக்கா," என்றாள்.

"எதுக்க அட்ரஸ?"

"ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்க ஐபி அட்ரஸ், நெட்வொர்க்குல அதுக்க வீட்டு நம்பர் மாதிரி. நேத்து சிஸ்டம் கூப்பிட்டுப் பாத்தப்போ பதில் வரல்ல. சும்மா கெடக்குன்னு எடுத்து புது கேமராவுக்குப் போட்டேன். இப்போ ஒரே அட்ரஸுக்கு ரெண்டும் அடிபிடி. ஸ்கேன் படம் டாக்டருக்குப் போவல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல ஆளக் கெடத்தியாச்சு."

"ஏட்டி, நேத்து கொடைக்கு உள்ளூர் லீவுல்லா? மெஷின அணச்சு ஸ்கேன் ரூம பூட்டியிருப்பாவ. மண்டைக்காட்டுக்காரி நீயே மறந்தியா?"

"ஆஸ்பத்திரி நெட்வொர்க்கப் பாக்குத எனக்குச் சென்னை கம்பெனிக்க லீவுதான் கணக்கு; அங்க நேத்து லீவு இல்ல. வெடிச்சத்தம் கேக்கக் கேக்க வீட்டுல இருந்து வேல பாத்தேன்."

வளைவில் இணைப்பு அறுந்தது. கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். சிக்னல் வந்ததும் கேமராவிடமிருந்து முகவரியைப் பிடுங்கிவிட்டு, ஆஸ்பத்திரியை அழைத்தாள்.

"படம் வருதா சார்? ... சரி சார்."

"தப்பிச்சே," என்றாள் தோழி.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து பூட்டிக் கெடந்தது ஸ்கேன் ரூம் மட்டுமா மக்கா? இன்னும் நாலஞ்சு அட்ரஸ் எடுத்துருக்கேன்."