சீனியைத் தனியே வைத்த சாரம்மாள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஷிப்டு முடிந்த அசதியோடு வந்திருக்கும் விக்கிரமசிங்கபுரத்துத் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த மேடையில் நின்று இரங்கல் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. கூட வேலை பார்த்தவரை ‘மறைந்த’ என்று சொல்ல வாய் எளிதில் பழகுமா? நம் ஆலை மருந்தகத்துச் செவிலியர் சாரம்மாள் அவர்கள், போன செவ்வாய்க்கிழமை நாற்காலியில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அடுத்த அறையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் நமக்கு என்ன செய்தார்? நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நூற்புப் பிரிவு முப்பிடாதிக்குச் சீனி வியாதியில் இரண்டு கால்விரல்களை எடுத்த சமயம் அது. பத்தியம் சொல்ல வீட்டுக்கே போன சாரம்மாளிடம் அவர் கேட்டார்:

“நீங்க சொல்லுதது சரிதான் நர்சம்மா. கேண்டீன்ல சீனியப் போட்டுத்தான டீயே தாராவ? எல்லாரும் வடை திங்கையில நான் மட்டும் சும்மா இருக்கவா?”

மறுநாளிலிருந்து சாரம்மாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த கீரையையும் பயறையும் அவரோடு பகிர்ந்து சாப்பிட்டார். ஆனால், அடுப்படி மாறாமல் ஒரு மனிதர் மட்டும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? சாரம்மாள் கேண்டீன் பொறுப்பாளர் ஞானசம்பந்தனிடம் போனார்.

“சீனி இல்லாத டீய என் மூஞ்சியில ஊத்திருவானுவம்மா” என்றார் அவர்.

“சீனிய நிறுத்தச் சொல்லல அண்ணாச்சி. தனியா வைங்க. வேணுங்கிறவங்க போட்டுக்கிடட்டும்.”

முதல் நாள் என்ன நடந்தது? தம்ளர்களைத் தட்டிக் கூச்சலிட்டோம். ‘இது ஆலையா, ஆஸ்பத்திரியா?’ என்று கேட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சாரம்மாள் தலைகுனிந்து நின்றார். அப்போது முப்பிடாதி கட்டுப்போட்ட காலோடு நொண்டி வந்து, சீனி போடாத டீயை எடுத்து நின்ற இடத்திலேயே குடித்தார்.

“எனக்கு ரெண்டு வெரல் போச்சு. ஒங்களுக்கும் போவணுமால?” என்றார்.

கூச்சல் அடங்கியது. அதன்பிறகுதான் சுண்டல் வந்தது, கீரை வந்தது, வாரம் இருநாள் கேப்பைக் களி வந்தது. முப்பிடாதியின் கால் பிழைத்தது. அதோ, முன்வரிசையில் இருக்கிறார். எல்லோரையும் சாரம்மாளால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருத்தம் அவரைத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை பாக்கி நிற்கிறது. இரவு ஷிப்டுக்காரர்களுக்கு இன்றும் புரோட்டாவைத் தவிர வேறு கிடையாது. அதை மாற்றக் கேட்டு சாரம்மாள் நிர்வாகத்திடம் பலமுறை போய் வெறுங்கையோடு திரும்பினார். திங்கட்கிழமை நான் போகிறேன். எனக்கும் வயதாகிவிட்டது, நிர்வாக அலுவலகத்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் யாராவது கூட வாருங்கள். மறுத்தால் மறுபடியும் போவோம். சாரம்மாள் அம்மா, நீங்கள் இனி ஓய்வெடுங்கள்.