கைப்பிடி இல்லாத நாற்காலி

ஹலோ… ஹலோ, அப்பா? … நான்தான், அனு. … ஆமா, ஆமா, சாத்தூர்ல எறங்கியாச்சு. … கார் அனுப்ப வேணாம், ஆட்டோ பிடிச்சிட்டேன். … சாப்பாடெல்லாம் கெடக்கட்டும்ப்பா. மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. காலண்டர் மெஷின்ல ஏறியாச்சா?

… எந்தக் காலண்டரா? நம்ம பிரஸ்ஸு காலண்டர். என் படம் போட்டது. டிசைன் பண்ற மாரிக்கண்ணன் அண்ணன் இப்பத்தான் போன்ல புரூஃப் அனுப்பிவிட்டாக. … அவுகள ஏசாதீக. பாப்பா ஒருக்காப் பாத்துக்கிடட்டும்னு அனுப்பியிருக்காக. படத்த மாத்தச் சொன்னது நீங்கதானே.

… பாத்தேன். … நல்லா இருக்கா? என்னப்பா நல்லா இருக்கு? செல்லோவ அழிச்சிட்டு என் கையில வீணைய வச்சிருக்கீக!

… சிரிக்காதீக. … ஒரு நிமிசம் இருங்க… அண்ணே, அண்ணே! அதை மேல போட்டுக் கட்டாதீக. உள்ள, என் பக்கத்துல. … செல்லோண்ணே. பெரிய வயலின்னு வச்சுக்கோங்க. பிளேன்லயே அதுக்குத் தனி சீட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன், ஆட்டோவுல எடம் தர மாட்டீகளா? … ம், அப்பிடி. மெதுவா.

… சொல்லுங்கப்பா. … ஆமா, எனக்கும் தெரியும். வீணைன்னா சரஸ்வதி, காலண்டர் வாங்குற ஏஜெண்டுக சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவாக. அதுக்கு? இடது கை எங்க இருக்குன்னு பாத்தீகளா? காதுக்கிட்ட இருக்கு. வீணைய எவ காதுக்கிட்ட பிடிச்சு வாசிப்பா? வலது கையில வில்லு அப்பிடியே நிக்கிது. வீணைய ரம்பம் போட்டு அறுக்குற மாதிரி இருக்குப்பா! பின்னாடி ஒரு மயில் வேற.

… வில்ல மட்டும் அழிச்சிரச் சொல்றேங்கீகளா? … வேணாம். … வேணாம்ப்பா. நான் சொல்ல வந்ததே அது இல்ல.

… எது? … சத்தமாச் சொல்லுங்க, முணுமுணுக்காதீக. … ம். … ம். அப்பிடி வாங்க வழிக்கு. பொம்பளப்பிள்ள செல்லோவ நடுவுல வச்சுக் காலை அகட்டி உக்காந்திருக்க படத்த நாலு பேரு வீட்டுல எப்பிடி மாட்டுறதுன்னு கேக்குறீக. அதானே?

அம்மா ஆட்டுரல்ல மாவாட்டுனப்ப எப்பிடிப்பா உக்காந்துச்சு? கிரைண்டர் வாங்குற வரைக்கும், ரெண்டு காலையும் அகட்டி, உரல நடுவுல வச்சுத்தானே ஆட்டுச்சு? அந்த இட்லிய நீங்களும்தான் தின்னீக. ஒரு நாளாவது கூச்சமா இருந்துச்சா? … பேச்ச மாத்தாதீக. … ஆமா, வாயாடிதான். உங்க பிள்ளதானே.

… இல்ல, நான் சொல்றதக் கேளுங்க. ஜெர்மனில ஆர்க்கெஸ்ட்ராவுல அந்த ஒரு எடத்துக்கு எம்புட்டுப் பேரு வந்தாக தெரியுமா? தொண்ணூறு பேரு. நடுவுல திரைய இழுத்துக் கட்டிட்டாக. வாசிக்கிறது ஆணா பொண்ணா, கறுப்பா செவப்பா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. செருப்புச் சத்தங்கூடக் கேக்கப்படாதுன்னு தரையில கம்பளம் விரிச்சிருந்தாக. வாசிப்ப மட்டும் கேட்டுத்தான் என்னைய எடுத்தாக. பெறகு ஒரு வருசம் கூட வச்சுச் சோதிச்சாக. போன வெள்ளிக்கெழம ஆர்க்கெஸ்ட்ரால இருக்க அம்புட்டுப் பேரும் ஓட்டுப் போட்டு, இவ இனி நம்ம ஆளுன்னுட்டாக. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கன ஒரு நாற்காலி என்னோடது. … ஆமா, என்னோடதுதான்.

அவுக என்னையப் பாக்காமலே எடுத்தாக. நீங்க பாத்துட்டு அழிக்கிறீக.

… அட, பாசம் இல்லன்னு யாரு சொன்னா? தீவாளிப் பட்டாசு லேபிள் லோடு மலையா கெடக்கு, அதை ஒதுக்கிட்டு என் படத்த மெஷின்ல ஏத்தியிருக்கீக. எனக்குத் தெரியாதா? … ஏழு வருசமா ஊருக்குள்ள பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிட்டு இருந்தீக. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்களா போட்டோ கேட்டப்ப நான் அழுதேன்ப்பா. ரூம்புல தனியா உக்காந்து அழுதேன். எங்கப்பா கடைசியில சொல்லிக்கிடப் போறாகன்னு. இருந்ததுலயே நல்ல படமா, மேடையில வாசிக்கிறதத் தேடி எடுத்து அனுப்புனேன்.

… ஓட்டி முடிச்சாச்சா? … பொய். இன்னும் ஓடுது. மெஷின் சத்தம் எனக்குப் போன்லயே கேக்குது. அந்தச் சத்தத்துலதானே தூங்கி வளந்தேன். நிப்பாட்டுங்க.

… நிப்பாட்ட முடியாதா? … சரி. சரி, ஓட்டுங்க. … கோவிச்சுக்கிட்டு அடுத்த ரயில்ல திரும்பிருவான்னு நெனைக்கிறீகளா? போக மாட்டேன். வீட்டுக்கும் வரல. நேரா பிரஸ்ஸுக்கு வாரேன். மெஷினுக்கு எதுக்க உக்காந்து வாசிக்கிறேன். பைண்டிங் அக்காமாரு எல்லாரும் வரட்டும். ஏஜெண்டுக இருந்தா அவுகளும் பாக்கட்டும். வீணையா என்னன்னு அவுகளே சொல்லட்டும்.

… மானம் போயிருமா? போகட்டும்ப்பா. இம்புட்டுல போற மானம் இருந்தா என்ன, போனா என்ன?

… கத்துங்க. நல்லாக் கத்துங்க. … முடிஞ்சதா? கொடைக்கானல் ஸ்கூல்ல சேத்துவிட்டது நீங்க. மொத செல்லோ வாங்கிக் குடுத்தது நீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் வாசிக்கிறத உக்காந்து கேட்டிருக்கீகளா? இன்னைக்குக் கேக்கப் போறீக. புடிக்கலையா, காதப் பொத்திக்கிடுங்க. நான் நிறுத்த மாட்டேன்.

… ஹலோ?

… ஹலோ, அப்பா? லைன்ல இருக்கீகளா?

… என்ன, மெஷின் சத்தத்தையே காணோம்? கரண்டு போச்சா?

… இல்லையா?

… அப்பா…

… என்ன கேட்டீக? சரியாக் கேக்கல. … எந்த நாற்காலி போடணும்னா? …

கைப்பிடி இல்லாத நாற்காலிப்பா. உங்க ரூம்புல கெடக்குறது ஆகாது, கை இடிக்கும். அக்காமாரு உக்காந்து தாள் அடுக்குவாகல்ல, அந்த இரும்பு நாற்காலி போதும். கால் ஆடாததாப் பாத்து எடுத்துப் போடச் சொல்லுங்க. … ஆமா, ஒண்ணு போதும். … ம்? மடி மேல துண்டு போட்டுக்கிடவா? வேணாம்ப்பா. வேணவே வேணாம். நான் எப்பிடி உக்காருவேனோ அப்பிடித்தான் உக்காருவேன். மாரிக்கண்ணன் அண்ணன் அதையே படம் எடுக்கட்டும்.

… சரி. … சரிப்பா. … இல்ல, நான் ஒண்ணும் அழுகல, காத்து. உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கிடுங்க, எதுக்கயே. … வைக்கிறேன்.

அண்ணே, சிவகாசியில வீட்டுக்கு வேணாம். நேரா பிரஸ்ஸுக்கு விடுங்க.